தரவை கோல்ஃப் கழகத்தில் என் விண்ணப்பம்

தரவை கோல்ஃப் கழகத்தின் யாப்பு, பிரிவு பதினொன்று, உபபிரிவு (இ) இவ்வாறு கூறுகிறது: "உறுப்புரிமை கோரும் விண்ணப்பம் ஒவ்வொன்றுக்கும், அது கிடைத்த நாளிலிருந்து பதினான்கு நாட்களுக்குள், செயலாளர் எழுத்து மூலம் பதில் அளித்தல் வேண்டும்." இதில் ஐயத்துக்கு இடமில்லை. முப்பத்து நான்கு வருடம் அரச அலுவலகங்களில் கடிதங்களுக்குப் பதில் எழுதிச் சீவித்தவள் நான். இதைவிடத் தெளிவான விதியை நான் கண்டதில்லை. இதைவிட மோசமாக மீறப்பட்டதையும் கண்டதில்லை.

விண்ணப்பித்தபோது எனக்குப் பதினொரு வயது.

அரியாலையில் கோல்ஃப் கழகமா என்று சிரிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: இருந்தது. ஒரு ஆவணி விடுமுறையில் மூன்று கிழமை இருந்தது. அதற்கு யாப்பும், கடிதத் தலைப்பும், இறப்பர் முத்திரையும், கூட்டக் குறிப்புப் புத்தகமும் இருந்தன. பிற்காலத்தில் நான் கணக்காய்வுக்காகப் போய்ப் பார்த்த பல அமைப்புகளில் இவற்றில் இரண்டுகூட இருந்ததில்லை.

தொடங்கியவர் என் பெரியப்பா. மலைநாட்டில் ஒரு கோல்ஃப் கழகத்தில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்று, எங்கள் வளவுக்கு அடுத்த வளவில் வந்து குடியேறியவர். வரும்போது ஒரு தோற்பையும் ஏழு கோல்ஃப் தடிகளும் நான்கு பந்துகளும் கொண்டுவந்தார். கப்பலேறிப் போன யாரோ ஒரு தோட்டத்துரை மறந்துவிட்டுப் போனவை அவை. உரிமை கோரப்படாத பொருட்களை ஒரு வருடமும் ஒரு நாளும் வைத்திருந்த பின் அகற்றலாம் என்று அங்கே விதி இருந்ததாம். பெரியப்பா ஒரு வருடமும் இரண்டு நாளும் பொறுத்திருந்தார்.

ஊரில் கதை வேறு மாதிரிப் பரவியது. பெரியப்பா துரையை விளையாடி வென்றவர் என்றும், தோற்ற வெட்கத்தில்தான் துரை தடிகளைக் கொடுத்துவிட்டு நாட்டை விட்டே போனார் என்றும் சொல்லிக்கொண்டார்கள். பெரியப்பா அதை மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. எழுத்தில் கேட்கப்படாத கேள்விக்கு அவர் பதில் சொல்வதில்லை.

எங்கள் வளவுகளுக்குப் பின்னால், கடலேரி வரைக்கும் தரவை. மாரியில் தண்ணீர் நிற்கும். கோடையில் வெடித்துக் காய்ந்து, ஆடுமாடு மேயும் பொதுநிலம். அதில்தான் பெரியப்பா முதற்கட்டமாக மூன்று குழிகள் வெட்டி, பூவரசங்கம்பில் சிவப்பும் வெள்ளையுமாகத் துணி கட்டி நாட்டினார். செயலாளரும் அவரே. யாப்பையும் அவரே மலைநாட்டுக் கழகத்தின் யாப்பிலிருந்து தமிழாக்கினார். ஒரு பிரிவையும் விடவில்லை. ஆகவே தரவையில் குதிரைகளைக் கட்டக் கூடாது. உணவு மண்டபத்துக்குள் ஆணிச் சப்பாத்துடன் நுழையக் கூடாது. கழுத்துப்பட்டி இல்லாமல் இராப்போசனத்துக்கு அமரக் கூடாது. செயலாளர் உட்பட ஊழியர் எவரும் உறுப்பினராகவோ விருந்தினராகவோ விளையாடத் தகுதியற்றவர். இந்தக் கடைசி விதியை நான் அப்போது கவனிக்கவில்லை. எனக்குக் குதிரை விதிதான் பிடித்திருந்தது.

நான் இதற்குள் அகப்பட்டது சித்தப்பாவால். பெரியப்பாவுக்கும் என் அப்பாவுக்கும் இளையவர் அவர், கரப்பந்தாட்டக்காரர். சுற்றுவட்டாரத்தில் மூன்று ஊர்க் கழகங்களுக்கு ஒரே நேரத்தில் விளையாடினார், இரண்டில் வேறு பெயரில். ஒருமுறை அரையிறுதி ஆட்டத்தில் தனக்கு எதிராகத் தானே விளையாட வேண்டி வந்து, காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். அப்படிப்பட்டவரிடம் பெரியப்பா யாப்பின் நான்காம் பிரிவை வாசித்துக் காட்டினார். ஒருவர் ஒரே நேரத்தில் ஒரு கழகத்தில் மட்டுமே இருக்கலாம் என்பது அந்தப் பிரிவு.

"உது விசர்ச் சட்டம், அண்ணை," என்றார் சித்தப்பா. "ஒரு கழகத்திலை மட்டும் நிண்டால் அந்தக் கழகத்தின்ரை பிழையள்தான் பழகும். மூண்டிலை நிண்டால் மூண்டிடத்துப் பிழையும் பழகலாம்."

"அதைத்தான் நானும் சொல்லுறன்," என்றார் பெரியப்பா. "புதுசாப் பழகிறவன் ஒரே இடத்திலை நிண்டால்தான் அவன்ரை பிழையை ஆரும் கண்டு சொல்லுவினம். ஊரூராத் திரியிறவனை ஆர் திருத்திறது? உன்னைத் திருத்த ஏலாமல் போனதும் அதாலைதான்."

வாதம் முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் வாதம் முடிவதில்லை, பரீட்சைக்கு மாறும். இரண்டு புதியவர்களைத் தெரிவு செய்வது. இருவருக்கும் பதினான்கு நாள் கொடுப்பது. ஒருவர் கழகத்தில் மட்டும் பழகுவது, மற்றவர் எங்கே வேண்டுமானாலும் யாரிடமும் பழகுவது. பதினைந்தாம் நாள் மூன்று குழிகளுக்கும் போட்டி. சித்தப்பா உடனே என் அண்ணனைப் பிடித்துக்கொண்டார். அவனுக்குப் பதின்மூன்று வயது, பலசாலி. மீதி இருந்தது நான். பெரியப்பா என்னை மூக்குக்கண்ணாடிக்கு மேலால் நெடுநேரம் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு எழுத்து வடிவு," என்றார். தகைமை அவ்வளவுதான்.

அப்பா கொழும்பில் வேலை. ஆகவே அனுமதி அம்மாவின் கையில். பெண்பிள்ளை தடியும் தூக்கிக்கொண்டு தரவையில் திரிவதை ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. ஊர் பார்ப்பதை அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"விளையாட்டெண்டால் விடுமுறையோடை காணும்," என்றார். "பெரியப்பா கழகம் எண்டு சொல்லுறார். சரி. நீ உறுப்பினர் எண்டு கடிதம் வரட்டும். ஆர் கேட்டாலும் எடுத்துக் காட்டலாம். கடிதம் வராட்டி, பள்ளிக்கூடம் துவங்கிற அண்டைக்கு உந்தத் தடியைத் திருப்பிக் குடுத்துப்போடவேணும்."

அந்த நேரம் எனக்கு அந்தத் தடியைவிடப் பெரிய விஷயம் உலகத்தில் இல்லை. அன்றே விண்ணப்பம் எழுதினேன். பெரியப்பா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையில் ஒரு கிடுகு வேலி. அதில் ஆள் நுழைந்து போகும் பொட்டு ஒன்றும் உண்டு. அதால் நுழைந்து நீட்டியபோது பெரியப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கழகத்துக்கு வரும் விண்ணப்பம் தபாலில் வர வேண்டும். முத்திரை ஒட்டிப் போட்டேன். பட்டினம் வரைக்கும் போய்த் திரும்பி வந்து மூன்றாம் நாள் அடுத்த வீட்டில் சேர்ந்தது. தபால்காரர் என்னைக் கண்டு சைக்கிளை நிறுத்தி, "பிள்ளை, உதை வேலிக்கு மேலாலை எறிஞ்சிருந்தால் எனக்கும் கால் நோகாது," என்றார்.

பதில் வரும்வரை நான் விருந்தினர். விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்து விருந்தினர் பதினான்கு நாள் விளையாடலாம். முழு வீச்சு வீசக் கூடாது, அது உறுப்பினருக்கு. முதல் மூன்று நாள் வருகைப் பதிவேட்டில் ஒப்பமிடுவதும், மற்றவர் அடிக்கும்போது பேசாமல் நிற்பதும் படித்தேன். மற்றவர் என்று யாரும் இருக்கவில்லை. யாரும் அடிக்காத இடத்தில் பேசாமல் நின்றேன். அடுத்த நான்கு நாள் பெரியப்பா நிலத்தில் சுண்ணாம்பால் இரண்டு பாதம் வரைந்து, அதில் என்னை நிறுத்தி, பந்தில்லாமல் வீசச் சொன்னார். எட்டாம் நாள்தான் பந்து வந்தது. அடி ஒவ்வொன்றையும் அவர் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார்.

"நேற்று மூண்டாவது அடி, இடது முழங்கை. இண்டைக்கு மூண்டாவது அடி, அதே முழங்கை. இது என்ன நேர்த்திக்கடனே?"

பத்தாம் நாள் முழங்கை நேரானது. பந்து அதிக தூரம் போகவில்லை, ஒரு தென்னையின் நீளம் போயிருக்கும். ஆனால் நான் பார்த்த திசையில் போனது. அது எனக்கு இன்றுவரை வாழ்க்கையில் அடிக்கடி வாய்க்காத அனுபவம்.

அந்த மகிழ்ச்சியில் ஒருநாள் கேட்டேன். "பெரியப்பா, ஒருக்கா அடிச்சுக் காட்டுங்கோவன்."

"செயலாளர் விளையாடுறேல்லை, பிள்ளை," என்றார் கொடியைப் பார்த்தபடி. துரையை வென்றவருக்கு எங்கள் தரவை காணாது என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்குள் அண்ணன் இரவல் தடியோடு ஊரெல்லாம் படித்துத் திரிந்தான். துடுப்பாட்டக்காரப் பெடியன்கள் குனிந்து அடிக்கச் சொன்னார்கள். கடலேரியில் வீச்சுவலை எறிபவர் இடுப்பைத் திருப்பி எறிவதுபோல வீசச் சொன்னார். விறகு கொத்துபவர் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார். சித்தப்பா துள்ளி அடிக்கச் சொன்னார், பந்து நிலத்தில் கிடக்கிறது என்பதைப் பொருட்படுத்தாமல். அண்ணன் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் செய்தான். பந்து என் பந்தைவிட நாலு மடங்கு போனது. எந்தப் பக்கம் போகும் என்பதை மட்டும் அவன் பந்திடமே விட்டிருந்தான். ஒன்று கிணற்றுக்குள் போனது. ஒன்று யாரோ வீட்டுக் கூரை ஓடொன்றை உடைத்தது. சித்தப்பா அந்த வீட்டுக்காரரிடம் தனது கரப்பந்துப் பெயர்களில் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தார்.

பதின்மூன்றாம் நாள் போனது. பதினான்காம் நாளும் போனது. தபால்காரர் எங்கள் படலையைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு முறையும் நான் எழுந்து நின்றேன்.

பதினைந்தாம் நாள் பின்னேரம், பதில் வராமலே போட்டி நடந்தது. முதல் குழியில் அண்ணனின் பந்து ஒரு மாட்டின் முதுகில் பட்டுத் தெறித்துக் கொடிக்குப் பக்கத்தில் விழுந்தது, குழி அவனுக்கு. அதை மாட்டிடமும் படித்ததாகச் சித்தப்பா கணக்கில் சேர்த்துக்கொண்டார். இரண்டாம் குழியில் அவன் பந்து கடலேரிக்குள் இறங்க, அவனும் இறங்கினான். அந்தக் குழி எனக்கு. மூன்றாம் குழியில் நான் தென்னை தென்னையாக ஊர்ந்து, கடைசியில் கொடிக்கு இரண்டு முழம் கிட்டப் போய்ச் சேர்ந்தேன். அண்ணன் இன்னும் தூரத்தில் நாயுருவிப் பற்றைக்குள் நின்று வீச்சுவலை எறிந்துகொண்டிருந்தான். ஒரு தட்டுத்தான் மிச்சம். வென்றால் கடிதம் வந்துவிடும் என்று எனக்குள் ஒரு நிச்சயம். அப்படி ஒரு விதி யாப்பில் இல்லை என்பது வேறு விஷயம்.

நான் சுண்ணாம்புப் பாதங்களை மனதில் வரைந்து, முழங்கையை நேராக்கினேன். ஒரு காகம் இறங்கி வந்து, முட்டை என்று நினைத்திருக்க வேண்டும், பந்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"போச்சு. பிள்ளை தோத்திட்டாள்!" என்று கத்தினார் சித்தப்பா.

"இல்லை. வெளியாள் பந்தை அசைச்சால், தண்டமில்லாமல் இருந்த இடத்திலை திரும்ப வைக்கலாம். விதி இருக்கு."

"காகம் எப்பிடி அண்ணை வெளியாள்? உது பிறந்து வளர்ந்ததே உங்கடை புளியமரத்திலை!"

பெரியப்பா விதிப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் புரட்டத் தொடங்கினார். அப்போதுதான் தரவையின் மறுபக்கத்திலிருந்து ஒரு கூட்டம் வந்தது. முன்னால் விதானையார். அரசாங்கம் அந்தப் பதவிக்குக் கிராமசேவகர் என்று பெயர் மாற்றியிருந்தது. ஊர் அந்தச் சுற்றறிக்கையை ஏற்றுக்கொள்ளவில்லை. கையில் ஒரு மனு. சிவப்பு வெள்ளைக் கொடிகளைக் கண்டவர்கள், நில அளவைக்காரர் வந்து தரவையை அளக்கிறார்கள் என்று முடிவு செய்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் பயந்தால் ஓட மாட்டார்கள், மனு எழுதுவார்கள்.

"கொடி நட்டால் பேந்து வேலி வரும்," என்றாள் ஆடு வளர்க்கும் ஒரு மனிசி. "வேலி வந்தால் என்ரை ஆடு எங்கை மேயிறது? உங்கடை விறாந்தையிலையோ?"

விதானையார் மனுவை வாசித்தார். "சில அந்நியர்" தரவைக்குள் புகுந்து எல்லையிட்டுக் குழி வெட்டுவதாக அதில் இருந்தது. கையொப்பங்களையும் வாசித்தார். ஒன்பதாவது சித்தப்பாவுடையது, சொந்தப் பெயரில்.

பெரியப்பா திரும்பிப் பார்த்தார்.

"கொண்டுவந்து நீட்டினவை, வைச்சன்," என்றார் சித்தப்பா. "மனு வந்தால் வாசிச்சுக்கொண்டு நிக்கேலுமே அண்ணை?"

விதானையார் நல்ல மனிதர். விளையாட்டுத்தான் என்று விளங்கியதும் அவரே வழியும் சொன்னார். ஊர்ப்பிள்ளைகளின் கழகம் என்றால் பிழையில்லை. காலமை ஆடு மேயட்டும், பின்னேரம் விளையாடட்டும். அப்படியே அறிக்கை எழுதிவிடலாம். சைக்கிள் இருக்கையில் குறிப்புப் புத்தகத்தை விரித்து, பென்சிலை நாவில் நனைத்துக்கொண்டு கேட்டார்:

"உறுப்பினர் ஆர் ஆர்? ஒரு பேர் சொன்னாலும் காணும்."

பெரியப்பாவின் கை சட்டைப்பைக்குப் போனது. ஒரு மண்ணிறக் கடித உறையின் விளிம்பு வெளியே தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பென்சிலைப் பார்த்தார். பிறகு உறையை உள்ளே தள்ளிவிட்டு, கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"உறுப்பினர் ஒருத்தரும் இல்லை," என்றார்.

"ஒருத்தருமோ?"

"ஒருத்தரும் இல்லை."

கூட்டம் சிரித்தது. "ஆளில்லாத கழகத்துக்கு மூண்டு குழி!" என்று யாரோ சொன்னார்கள். ஆடு வளர்ப்பவளும் சிரித்தாள். நான் கொடிக்கு இரண்டு முழம் தள்ளி, பந்தில்லாத இடத்தில், தடியைப் பிடித்தபடி நின்றேன். நான் அழவில்லை என்று அண்ணன் இன்றும் சாட்சி சொல்வான். அவன் நம்பத்தகாத சாட்சி.

கொடிகளை அன்றே பிடுங்கினார்கள். குழிகளைப் பெரியப்பாவே மூடினார். புதியவர் ஒரு கழகத்தில் நின்றால் விரைவாகத் தேறுவாரா என்ற வினா தீர்மானம் இல்லாமல் கிடப்பில் போனது. காகத்தின் வதிவிடமும் உறுதிசெய்யப்படவில்லை. பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று தடியைப் பொட்டுக்குள்ளால் திருப்பிக் கொடுத்தேன். பெரியப்பா வாங்கிக்கொண்டு, ஒப்பம் வாங்க மறந்துவிட்டார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே நடைமுறைத் தவறு அதுவாகத்தான் இருக்கும். அதைக்கூட நான் கவனிக்காத மாதிரி வந்துவிட்டேன்.

என் இடது முழங்கைதான் காரணம் என்று நினைத்தேன். தரம் காணவில்லை, அதைச் சொல்ல மனமில்லாமல் பதில் எழுதாமல் விட்டுவிட்டார். நினைவூட்டல் கடிதம் ஒன்று அனுப்பியிருக்கலாம், அதற்கு யாரும் தடை இல்லை. பதினொரு வயதின் ரோசம் அதைவிடப் பெரிய தடை. நான் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது பெரியப்பா காலமானார். பிறகு நான் உத்தியோகத்துக்கு வந்தேன். என் மேசையில் பதினைந்தாம் நாளைக் கண்ட கடிதம் ஒன்றும் இருந்ததில்லை. என்னை எல்லோரும் கண்டிப்பானவள் என்றார்கள். அந்தக் கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் எழுத்தில் கேட்கவில்லை.

இந்த வருடம், கனடாவில் இருக்கும் பெரியப்பாவின் மகள் அந்த வளவை விற்க முடிவு செய்து, காணி உறுதிகளைச் சரிபார்த்துத் தரும்படி எனக்கு அனுப்பினாள். போர் வந்து எல்லோரும் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது எங்கள் ஆட்கள் சோற்றுப் பானையை விட்டார்கள், உறுதியை விடவில்லை. அவளும் அந்த உறுதிகளின் கட்டை அவிழ்த்துப் பாராமல் அப்படியே காவிக்கொண்டு போயிருந்தாள். அவிழ்த்தேன். உறுதிகளுக்கு நடுவில் கழகத்தின் கோவை இருந்தது. மனு காணி சம்பந்தப்பட்டது, ஆகவே அதைக் காணிக் கோவையோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார். முற்றிலும் சரியான நடைமுறை. அதற்குள் யாப்பு, மனுவின் பிரதி, என் முழங்கை பற்றிய குறிப்புகள். கடைசியில் மண்ணிற உறை. என் பெயர், எங்கள் விலாசம், ஒட்டிய முத்திரை. தபால் முத்திரை குத்தப்படவில்லை.

கடிதம் பன்னிரண்டாம் நாள் எழுதப்பட்டிருந்தது. இரண்டு நாள் மிச்சம் இருந்திருக்கிறது.

புதிய உறுப்பினரை ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் ஒருவர் முன்மொழிய வேண்டும் என்பதால், எவரும் இல்லாத நிலையில் கழகம் இயங்க முடியாதிருப்பதாக அது தொடங்கியது. ஆகவே இந்த ஒருமுறை மட்டும், செயலாளருக்குள்ள அதிகாரத்தைக் கொண்டு, தங்களை முதலாவது உறுப்பினராக ஏற்றுக்கொள்வதாகவும், இனிமேல் முழு வீச்சு வீசலாம் என்றும் தொடர்ந்தது. பிறகு ஒரு பந்தி: "இப்போது முன்மொழியத் தகுதியுள்ள ஒரே உறுப்பினர் தாங்களே. ஆகையால் இத்துடன் இணைத்துள்ள விண்ணப்பத்தைத் தங்கள் வசதிப்படி பரிசீலிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அது ஏற்கப்படும் பட்சத்தில் செயலாளர் பதவியிலிருந்து விலகச் சித்தமாயுள்ளேன்." இணைப்பு: ஒன்று.

இணைப்பு பெரியப்பாவின் விண்ணப்பம். அதை அனுப்பும் கூச்சத்தில்தான் மூன்று நாள் உறையைப் பையிலேயே காவித் திரிந்திருக்க வேண்டும். வடிவான கையெழுத்தில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பியிருந்தார். இதற்கு முன் ஏதாவது கோல்ஃப் கழகத்துடன் தொடர்பு உண்டா: முப்பது வருடம். விளையாடிய அனுபவம்: இல்லை.

அந்தப் பின்னேரம் அவர் அந்த உறையை வெளியே எடுத்திருந்தால் எங்கள் கழகம் பிழைத்திருக்கும். அவருக்கும் ஒரு பந்து கிடைத்திருக்கும். ஆனால் விதானையாரின் புத்தகத்தில், சிரிக்கக் காத்திருந்த அந்தக் கூட்டத்தின் நடுவே, ஒரே ஒரு பெயர் ஏறியிருக்கும். அது ஒரு பதினொரு வயதுப் பெண்பிள்ளையின் பெயராக இருந்திருக்கும். உறைக்குப் பதில் அவர் கைலேஞ்சியை எடுத்தபோது முகத்தைத்தான் துடைக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

வரும் கடிதத்தில் முதலில் செய்ய வேண்டியது, கிடைத்த திகதியை வலது மேல்மூலையில் குறிப்பது. விண்ணப்பத்திலும் குறித்தேன், ஏனெனில் பிரிவு பதினொன்று (இ) இன்படி எனக்குரிய பதினான்கு நாட்களும் அன்றிலிருந்தே எண்ணப்படும். கிடைத்தது: செவ்வாய்க்கிழமை, பங்குனி உத்தரத்துக்கு முதல் நாள்.